நாடியில் ஒளிந்த மூச்சு

காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச், முந்தைய இரவின் சராசரி மூச்சு வீதம் நிமிடத்துக்கு 14 என்று காட்டுகிறது. மூக்கருகே எந்தக் குழாயும் இருந்ததில்லை; மார்பைச் சுற்றி எந்தப் பட்டையும் கட்டவில்லை. வாட்சின் அடிப்புறத்தில் மினுக்கும் சில பச்சை விளக்குகளும் அவற்றின் அருகே ஓர் ஒளி உணரியும் மட்டுமே உண்டு. அந்த உணரிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: தோலிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் கூடுகிறதா, குறைகிறதா என்பது. காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அது பார்ப்பதே இல்லை. மூச்சு இதயத்தின் மீது தடம் பதிக்கிறது. இதயம் ரத்தத்தின் மீது தடம் பதிக்கிறது. ரத்தம் வெளிச்சத்தின் மீது தடம் பதிக்கிறது. கடைசித் தடத்தைப் பார்த்து முதல் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே நடக்கும் வேலை.

இவ்வளவு சுற்றி வளைத்து மூச்சை எண்ண வேண்டிய காரணம் மருத்துவமனை வார்டுகளில் இருக்கிறது. உடல்நிலை மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சு வீதமும் ஒன்று. நிமோனியா, ரத்தத்தில் நச்சு பரவுதல், இதயச் செயலிழப்பு ஆகிய எல்லாவற்றிலும் மூச்சு வேகமெடுக்கும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுபவருக்குப் பூஜ்யம். 25-ஐத் தொட்டாலோ 8-க்கு இறங்கினாலோ அதிகபட்சமான 3. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியாவை அடையாளம் காண உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலும் மூச்சு எண்ணிக்கைதான்: 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டால் அது வேக மூச்சு.

ஆனால் எண்ணுவதுதான் பெரும்பாடு. ஒரு நிமிடம் முழுக்க மார்பைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஓடியாடி வேலை செய்யும் செவிலியருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. 15 நொடி பார்த்து நான்கால் பெருக்குவார்கள், அல்லது கண்ணளவில் 18, 20 என்று எழுதிவிடுவார்கள். யாரோ தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததுமே நோயாளியின் மூச்சும் மாறிவிடும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பநிலை மூன்றையும் கருவிகள் எடுத்துக்கொண்ட பிறகும் மூச்சு மட்டும் நெடுங்காலம் மனிதக் கண்ணையே நம்பியிருந்தது. கருவிகள் இல்லாமல் இல்லை. மூச்சுக் காற்றின் கரியமில வாயுவை அளக்கும் கருவியும், மார்புக்குக் குறுக்கே நுண்மின்னோட்டம் செலுத்தி மின்தடை மாறுவதைப் பார்க்கும் முறையும், மார்பும் வயிறும் விரிவதை அளக்கும் பட்டைகளும் உண்டு. அவை கட்டிலில் கிடப்பவருக்கானவை. சமையலறையில் நிற்பவருக்கும் பேருந்தில் போகிறவருக்கும் அவற்றை மாட்டிவிட முடியாது.

ஒளியும் ரத்தமும்

வெளிச்சத்தைக் கொண்டு நாடியைப் பார்க்கும் முறை 1930-களில் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடலியல் ஆய்வாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன், 1937-38 காலத்தில், விரலிலும் பிற இடங்களிலும் ஒளி பாய்ச்சி, தோலின் ரத்த அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பதிவு செய்தார். இன்று பி.பி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒளி நாடிப் பதிவின் தொடக்கம் அதுதான்.

தத்துவம் எளியது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்குகிறது. இதயம் சுருங்கும்போது தோலடி நாளங்களுக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. இதயம் தளரும்போது ரத்தம் வடிகிறது, ஒளி கூடுகிறது. பச்சை ஒளியை ஹீமோகுளோபின் மிகுதியாக உறிஞ்சுகிறது. அது ஆழமாகப் போவதில்லை என்பதால் தசை அசைவுகளின் குழப்பமும் குறைவு. வாட்ச்களில் 530 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்துப் பச்சை விளக்குகள் நிலைபெற்றதற்கு இதுவே காரணம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் பயன்படுத்துகிறது; அந்த ஒளி விரலையே ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும்.

இங்கே ஒரு சிறு செய்தி. நாடி பார்க்கும் வைத்தியர் விரல் வைப்பது கட்டைவிரல் பக்கத்துப் பெரிய தமனியின் மீது. வாட்ச் உட்காருவதோ மணிக்கட்டின் மேற்புறத்தில், அந்தத் தமனியே இல்லாத இடத்தில். அது பார்ப்பது தோலடியில் உள்ள மெல்லிய நாளங்களின் நடுக்கத்தை. விரல் நுனியில் அந்த நாளங்கள் அடர்ந்திருக்கின்றன. மணிக்கட்டின் மேற்புறத்தில் அப்படியில்லை. விரலில் அழகாக வேலை செய்யும் ஒரு கணக்கு மணிக்கட்டில் தடுமாறுவதன் முதல் காரணம் இது.

திரும்பி வரும் ஒளியின் பெரும்பகுதி மாறாத பகுதி. எலும்பு, கொழுப்பு, தோல், சிரைகளில் தேங்கிய ரத்தம் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அதன் மேல் துடிப்போடு ஆடும் பகுதி பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடுதான். மூச்சின் தடமோ அந்த ஆட்டத்திலும் ஒரு சிறு பங்கு.

ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்கு வேண்டியதாவது இந்தத் துறையின் வழக்கம். ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி, 1970-களின் தொடக்கத்தில், காதில் ஒளி பாய்ச்சி, ரத்தத்தில் செலுத்திய சாயம் கரைவதைக் கொண்டு இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட முயன்றார். நாடியின் ஆட்டம் அவருடைய கோட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை நீக்கப் போனவர், தொல்லையிலேயே ஆக்சிஜன் அளவு எழுதியிருப்பதைக் கண்டுகொண்டார். 1974-இல் பல்ஸ் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை அறிவித்தார். அதன் பின் வந்த ஆக்சிமீட்டர்களில், நாடி அலையின் அடித்தளம் மெல்ல ஏறி இறங்குவது தொல்லையாகப்பட்டது. வடிகட்டி வைத்து அதைத் துடைத்தெறிந்தார்கள். அப்படித் துடைக்கப்பட்டதில் மூச்சும் போயிற்று. பழைய ஆக்சிமீட்டர்களின் திரையில் ஓடும் சீரான அலையிலிருந்து மூச்சை மீட்பது கடினம் என்றால், அதில் ஒரு பங்கு அந்த வடிகட்டிகளுக்கு உரியது.

மூன்று தடங்கள்

மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் விரிகின்றன. நெஞ்சறையின் அழுத்தம் குறைகிறது. நுரையீரலுக்குக் காற்றை இழுக்கும் அதே உறிஞ்சல், உடலின் சிரைகளிலிருந்து ரத்தத்தையும் நெஞ்சை நோக்கி இழுக்கிறது. இந்த ஒரே நிகழ்ச்சி நாடி அலையில் மூன்று விதமாகப் பதிகிறது.

முதலாவது, அடித்தளத்தின் ஏற்ற இறக்கம். நெஞ்சுக்குள் ரத்தம் இழுக்கப்படும்போது தோலடிச் சிரைகளில் ரத்தம் சற்றே குறைகிறது. நாடி அலை முழுவதுமாகச் சிறிது நகர்கிறது. மூச்சை விடும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. நெற்றியிலும் காதிலும் இந்தத் தடம் நன்றாகத் தெரியும். கை மேலே இருக்கிறதா கீழே தொங்குகிறதா, வாட்ச் பட்டை இறுக்கமா தளர்வா என்பதற்கேற்ப மணிக்கட்டில் அது மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, அலையின் உயரம் மாறுவது. உள்மூச்சின்போது இதயத்தின் வலப்பக்கம் கூடுதல் ரத்தத்தைப் பெறுகிறது. ஆனால் இடப்பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தம் சற்றுக் குறைகிறது. அதனால் நாடி அலைகள் உள்மூச்சில் குட்டையாகவும் வெளிமூச்சில் நெட்டையாகவும் வருகின்றன. ஆரோக்கியமானவரிடம் இது மிகச் சிறிய மாற்றம். இதய உறையில் நீர் கோத்தாலோ கடும் ஆஸ்துமா தாக்கினாலோ இது பெரிதாகிவிடும். உள்மூச்சில் ரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இறங்கும். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல் 1873-இல் 'முரண் நாடி' என்று பெயரிட்டது இதைத்தான். இதயம் துடிப்பது கேட்கிறது, நாடி மட்டும் உள்மூச்சில் காணாமல் போகிறது என்பதுதான் அவருக்கு முரணாகத் தோன்றியது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரிடம் எல்லாம் தலைகீழ். அங்கே காற்று இழுக்கப்படுவதில்லை, தள்ளப்படுகிறது.

மூன்றாவது தடம் உயரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. உள்மூச்சில் இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, வெளிமூச்சில் நிதானமாகிறது. கார்ல் லுட்விக், தான் வடிவமைத்த சுழலும் உருளைப் பதிவுக் கருவியைக் கொண்டு 1847-இல் நாயிடம் இதைப் பதிவு செய்தார். இதயத்துக்குக் கடிவாளம் போடும் வேகஸ் நரம்பு, உள்மூச்சின்போது பிடியைச் சற்றே தளர்த்துவதுதான் இதன் முக்கியக் காரணம். எடுத்துக்காட்டாக, இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடித்து மூச்சு 15 முறை நிகழ்ந்தால், ஒரு மூச்சுக்கு நான்கு துடிப்பு. அந்த நான்கு துடிப்புகளுக்கிடையே உள்ள நேரம் சரியாக 1,000 மில்லிநொடி என்று அச்சடித்தாற்போல் வராது. 1,040, 970, 950, 1,040 என்று ஆடும். அடுத்த மூச்சில் மறுபடியும் அதே ஆட்டம்.

வாட்ச்களுக்கு மிகவும் பிடித்த தடம் இது. ஒளி மங்கினாலும் பட்டை தளர்ந்தாலும் அலையின் உயரம் மாறும்; துடிப்பு எப்போது நேர்ந்தது என்பது அவ்வளவு எளிதில் மாறாது. ஆனால் இதற்கும் விலை உண்டு. இந்த ஆட்டம் இளைஞரிடமும் நல்ல உடற்பயிற்சி உள்ளவரிடமும் பெரிது. வயது ஏற ஏறச் சுருங்கும். நீரிழிவு நெடுநாள் நீடித்து உள்ளுறுப்பு நரம்புகளைப் பாதித்தால் ஏறக்குறைய மறைந்தே போகலாம். அந்தப் பாதிப்பைக் கண்டறியும் சோதனையே இதை வைத்துத்தான் நடக்கிறது: நிமிடத்துக்கு ஆறு ஆழ்ந்த மூச்சு விடச் சொல்லி, இ.சி.ஜி.யில் இதயத்துடிப்பு எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோயில் துடிப்பு இடைவெளி எந்த ஒழுங்குமின்றிக் குதிக்கும். அதற்குள் மூச்சைத் தேடுவது வீண். மூச்சு வீதம் யாருக்கு மிகவும் தேவையோ அந்த முதியவர்களிடமும் நோயாளிகளிடமும்தான் இந்தத் தடம் மங்கலாக இருக்கிறது. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுவே.

இதயம் போடும் எல்லை

உயரத்தையும் இடைவெளியையும் கொண்டு மூச்சைத் தேடும்போது, ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே மூச்சு என்ன செய்தது என்பதைச் சொல்ல யாரும் இல்லை. வாட்சின் உணரி நொடிக்கு 25 முறை ஒளியை அளந்தாலும் சரி, 500 முறை அளந்தாலும் சரி, மூச்சைப் பொறுத்தவரை மாதிரி எடுப்பது இதயம்தான்.

அலையை மாதிரிகளாக எடுப்பதற்கு ஒரு பழைய விதி உண்டு: ஓர் அலையை அடையாளம் காண, அதன் ஒரு சுற்றுக்கு இரண்டு மாதிரிகளுக்கு மேல் வேண்டும். ஆகவே இந்த இரண்டு தடங்களில் தெரியக்கூடிய அதிகபட்ச மூச்சு வீதம், இதயத்துடிப்பின் பாதி. இதயம் 70 முறை துடித்தால் 35 மூச்சு வரை கவலையில்லை. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 50 முறை மூச்சு விட்டாலும் அதன் இதயம் 120-க்கு மேல் துடிப்பதால் அங்கும் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் எழுவது, தூக்கத்தில் இதயம் 40-க்கு இறங்கும் நெடுந்தூர ஓட்டக்காரரிடம். அவருக்கு எல்லை 20. காய்ச்சலில் அவர் 24 முறை மூச்சு விட்டால், கணக்கு 'தெரியவில்லை' என்று சொல்லாது. 16 என்று சொல்லும். 40-லிருந்து 24-ஐக் கழித்தால் வரும் எண் அது. திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதும் இதே மாயம்தான். 24 என்பது எச்சரிக்கை. 16 என்பது ஆரோக்கியம். பார்ப்பவருக்கு ஐயம் எழ வழியே இல்லாத பிழை இது.

அடித்தளத் தடத்துக்கு இந்த எல்லை இல்லை. ஒளி இடைவிடாது அளக்கப்படுகிறது. ஆனால் அதன் மேல் நாடி அலை உட்கார்ந்திருக்கிறது. மூச்சின் வேகம் துடிப்பின் வேகத்தை நெருங்க நெருங்க இரண்டையும் பிரிப்பது கடினம்.

உணரியின் வேகத்துக்கும் இதில் பங்கு உண்டு. நொடிக்கு 25 அளவுகள் என்றால் அடுத்தடுத்த இரு அளவுகளுக்கு நடுவே 40 மில்லிநொடி. முதியவரிடம் மூச்சால் வரும் ஆட்டமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். அளவுகளுக்கு நடுவே வளைகோடு பொருத்தி உச்சி எங்கே இருந்திருக்கும் என்று கணித்து ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். வேகத்தைக் கூட்டினால் விளக்குகள் அடிக்கடி எரிய வேண்டும், பேட்டரி கரையும். கையில் கட்டும் எந்தக் கருவியிலும் கடைசிச் சொல் பேட்டரியினுடையதுதான்.

எண்ணும் முறைகள்

தடங்களைப் பிரித்த பிறகு எண்ண வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேடுகளை நேரடியாக எண்ணுவது. கண்ணால் மார்பைப் பார்த்து எண்ணுவதற்கு ஒப்பானது. மற்றொன்று, ஒரு துண்டுப் பதிவை எடுத்து அதில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று ஃபூரியே கணக்கால் பார்ப்பது. இரண்டாவதில் துண்டின் நீளம் முக்கியம். 32 நொடித் துண்டில், பிரித்தறியக்கூடிய அதிர்வெண்களுக்கிடையே நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.9 மூச்சு வித்தியாசம் இருக்கும். 64 நொடி எடுத்தால் அது பாதியாகும். ஆனால் விழித்திருக்கையில் ஒரு நிமிடத்துக்கு மேல் யாருடைய மூச்சும் ஒரே சீராக இருப்பதில்லை. துண்டை நீட்டினால் மாற்றம் மறைகிறது. குறுக்கினால் துல்லியம் போகிறது. இதற்கிடையே வழிகண்டவை, காலத்தோடு மாறும் அதிர்வெண்ணைப் பின்தொடரும் அலைக்கூறு முறையும், முந்தைய அளவுகளிலிருந்து அடுத்ததைக் கணிக்கும் தன்தொடர்பு மாதிரிகளும்.

கனடாவின் வான்கூவரில் வால்டர் கார்லன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட முறை, அதன் எளிமைக்காகவே சொல்லத்தக்கது. மூன்று தடங்களிலிருந்தும் தனித்தனியே மூச்சு வீதத்தைக் கணக்கிடுகிறார்கள். மூன்று எண்களும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் சராசரியை விடையாகக் கொள்கிறார்கள். அவற்றின் திட்ட விலக்கம் நிமிடத்துக்கு 4 மூச்சைத் தாண்டினால் அந்தத் துண்டையே கழித்துவிடுகிறார்கள், விடை சொல்வதில்லை. மூன்று சாட்சிகளும் ஒத்துப் பேசினால் தீர்ப்பு, இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. இந்தத் துறையில் இதைவிடச் சிக்கலான கணக்குகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் வாய்மூடி இருக்க வேண்டிய இடத்தில் வாய்மூடி இருக்கத் தெரிந்த கணக்கே பயனுள்ளது என்பதை இது தெளிவாகக் காட்டியது. கையை அசைக்கும்போதும் ஏதோ ஓர் எண்ணைத் தந்துகொண்டே இருக்கும் கருவியைவிட, கோடு போட்டு விட்டுவிடும் கருவி நம்பத்தக்கது.

அடுத்து வந்தவை நரம்பு வலையமைப்புகள். மேடுகளைத் தேடுவதும் தடங்களைப் பிரிப்பதும் இல்லாமல், நாடி அலையைக் கொடுத்தால் மூச்சு அலையையே வரைந்து தரும்படி பயிற்றுவிப்பது இவற்றின் வழி. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தைச் சேர்ந்த குழு 2019-இல் வெளியிட்ட 'ரெஸ்ப்நெட்' அப்படிப்பட்டது. மருத்துவப் படங்களில் உறுப்புகளை எல்லை பிரிக்க உருவான வலையமைப்பை நாடி அலைக்கு ஏற்ப மாற்றி அதை அமைத்தார்கள்.

எந்தக் கணக்கு சிறந்தது என்ற கேள்விக்கு விரிவாக விடை தேடியவர் பீட்டர் சார்ல்டன். லண்டனில் அவரும் உடன் பணியாற்றியோரும் இ.சி.ஜி.யிலிருந்தும் ஒளி நாடியிலிருந்தும் மூச்சை எண்ணும் 314 கணக்குமுறைகளை ஒரே தராசில் நிறுத்தி 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான இளம் வயதினர் படுத்து ஓய்வில் இருந்தபோது எடுத்த பதிவுகள் அவை. மிகச் சிறந்த கணக்குக்கு இ.சி.ஜி.யில் பிழை, நூற்றுக்கு 95 முறை, நிமிடத்துக்கு 4.7 மூச்சு கூடுதல் குறைவுக்குள் நின்றது. ஒளி நாடியில் அதே எல்லை 5.1 குறைவிலிருந்து 7.2 கூடுதல் வரை விரிந்தது. மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படும் மார்பு மின்தடை முறைக்கோ 5.6 குறைவிலிருந்து 5.2 கூடுதல் வரை. பழகிய கருவி ஒன்றும் பெரிய துல்லியசாலி அல்ல என்று அந்த ஒப்பீட்டில் தெரிந்தது. அதே சமயம், ஓய்வில் படுத்திருக்கும் இளைஞரிடமே ஏழு மூச்சு வரை பிசகக்கூடிய ஒரு முறையை, நடமாடும் முதியவரிடம் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது.

இந்தக் கணக்குகளைச் சோதிக்கப் பயன்படும் பொதுப் பதிவுத் தொகுப்புகளும் படுக்கையில் கிடந்தவர்களுடையவை. 'கேப்னோபேஸ்' தொகுப்பின் எட்டு நிமிடப் பதிவுகள் 42-உம் அறுவைச் சிகிச்சை மயக்கத்தில் இருந்தவர்களிடம் எடுத்தவை. பாஸ்டன் மருத்துவமனையிலிருந்து வந்த 'பி.ஐ.டி.எம்.சி.' தொகுப்பின் 53 பதிவுகள் தீவிர சிகிச்சைப் பிரிவினுடையவை. அங்கே வெற்றி பெற்ற கணக்கு மணிக்கட்டுக்கு வந்ததும் வேறோர் உலகத்தைச் சந்திக்கிறது.

பொய் மூச்சுகள்

அந்த உலகின் முதல் எதிரி அசைவு. நடக்கும்போது கை வீசுவது நாடியின் வேகத்திலேயே ஏறக்குறைய நிகழும்; ரத்தம் நாளங்களில் அலைபடும்; வாட்சும் தோலின் மேல் வழுக்கும். வாட்சுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானியின் பதிவைக் கொண்டு அதைக் கழிக்க முடியும், ஓரளவுக்கு. குளிரில் தோல் நாளங்கள் சுருங்கும், அலை தேய்ந்துவிடும். பச்சை ஒளியை மெலனினும் உறிஞ்சுவதால் கருத்த தோலிலிருந்து திரும்பும் ஒளி குறைவு. ஆக்சிமீட்டர்கள் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டுவதை 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆக்சிஜன் கணக்கைப் போல் மூச்சுக் கணக்கில் இரு நிற ஒளிகளின் விகிதம் வருவதில்லை என்பதால் அதே பிழை இங்கே நேராது. ஆனால் ஒளி மங்கினால் இரைச்சல் ஓங்கும், சிறிய தடங்களே முதலில் மூழ்கும்.

இரண்டாவது எதிரி உடலுக்குள்ளேயே இருக்கிறது. ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் நரம்பு ஏற்பாடு, பத்து நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் மெல்ல ஊசலாடுகிறது. 1876-இல் இதைப் பதிவு செய்த சிக்மண்ட் மேயரின் பெயரால் இவை மேயர் அலைகள் எனப்படுகின்றன. நிமிடத்துக்கு ஆறு என்ற இந்த ஊசலாட்டம் அடித்தளத்திலும் துடிப்பு இடைவெளியிலும் தெரியும். பார்வைக்கு மூச்சைப் போலவே இருக்கும். யாரும் நிமிடத்துக்கு ஆறு முறை மட்டும் மூச்சு விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு அந்தப் பகுதியையே வெட்டிவிடும் கணக்குகள் உண்டு. பிராணாயாமம் செய்பவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் காட்டியபடி, ஜெபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற வேகத்துக்கு வந்து, இந்த அழுத்த ஊசலோடு ஒத்திசைகிறது. ஒத்திசைந்தபின் எது மூச்சு, எது மேயர் அலை என்று பிரிக்க ஒளிக்கு வழியில்லை. பேச்சும் தொல்லைதான்: பேசுபவர் சட்டென்று இழுத்து, நீளமாக விட்டுக்கொண்டே பேசுகிறார், சீரான அலை என்பதே இருக்காது.

இதனால்தான் பெரும்பாலான கருவிகள் இரவைத் தேர்ந்தெடுத்தன. தூக்கத்தில் கை அதிகம் அசைவதில்லை, பேச்சில்லை, ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு கடிகாரம்போல் சீராகிறது. கனவு நிலைத் தூக்கத்தில் மட்டும் மறுபடி ஒழுங்கு குலையும். துடிப்பு இடைவெளியின் ஆட்டத்தைக் கொண்டு இரவு மூச்சை எண்ணும் முறையை ஃபிட்பிட் கையாண்டது. அதன் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பயனாளர்களில் 90 விழுக்காட்டினரின் இரவு மூச்சு 11.8-க்கும் 19.2-க்கும் நடுவே இருந்தது. ஆப்பிள் வாட்ச் வேறு வழியில் போயிற்று: உறக்கத்தில் அது மூச்சை எண்ணுவது பச்சை விளக்கால் அல்ல, முடுக்கமானியால். மூச்சோடு உடல் அசையும் நுண்ணிய அசைவு கைவரை வந்து சேர்கிறது.

இரவுச் சராசரிக்கு ஒரு நற்குணம் உண்டு. மனிதருக்கு மனிதர் மூச்சு வீதம் வெகுவாக மாறினாலும், ஒரே ஆளிடம் இரவுக்கு இரவு பெரிதாக மாறுவதில்லை. 13-இலேயே நிற்பவர் திடீரென இரண்டு இரவுகள் 16 காட்டினால், வார்டின் மதிப்பெண் முறைப்படி அவர் ஆரோக்கியமானவர்; தன் பழைய இரவுகளோடு ஒப்பிட்டால் ஏதோ நேர்ந்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் ஆய்வாளர்கள் தேடியது இந்த விலகலைத்தான். ஆயிரக்கணக்கான மூச்சுகளின் சராசரி என்பதால் தனித்தனிப் பிழைகளும் அதில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஒரு நிமிடத்துக்குள் விடை வேண்டிய வார்டில் அந்த வசதி கிடையாது.

இரவிலும் ஒளிக்குத் தெரியாத ஒன்று உண்டு. தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் நோயில், காற்று உள்ளே போவதில்லை. ஆனால் உதரவிதானம் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அடைத்த குழாயை எதிர்த்து இழுப்பதால் நெஞ்சறை அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது. நாடி அலையின் தடங்கள் எல்லாம் அந்த அழுத்தத்தின் தடங்கள். காற்றின் தடங்கள் அல்ல. ஆகவே ஒரு துளிக் காற்றும் போகாத அந்த அரை நிமிடத்தில், கணக்கு ஏழெட்டு மூச்சுகளை எண்ணி முடித்திருக்கக்கூடும். அடைப்பைக் கண்டுபிடிக்கும் வேலை, சற்றுப் பின்னால் ரத்தத்தில் ஆக்சிஜன் சரிவதைக் காணும் சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளுக்கு விடப்படுகிறது.